பரீட்சைக்குப் போன கால்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ல, ள, ழ மூன்றும் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. எங்கே எது வரும் என்று சந்தேகம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைப் போட்டுவிடுவேன். படிப்பவர்கள் சரிசெய்துகொள்ள வேண்டும்.

ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். மயிலாப்பூரில் நான் படித்த பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை கீழ்த்தளம், ஆறாம் வகுப்பு மாடி. இரண்டு வயதில் போலியோ வந்து எனக்கு வலது கால் சூம்பிவிட்டது. ஆறாம் வகுப்பு தொடங்கிய முதல் நாள் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு போய் மாடியில் உட்காரவைத்தார். சாயங்காலம் மணி அடித்ததும் எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள். என்னை இறக்கிவிடச் சொல்லி யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு அப்போதே அந்தச் சுபாவம்தான். கதவைப் பூட்ட வந்த வாட்ச்மேன்தான் என்னைக் கண்டுபிடித்தார். மறுநாளிலிருந்து நான் போகவில்லை. ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்தும் யாரும் வந்து கேட்கவில்லை.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. தொண்ணூற்றாறாம் வருஷம் நடந்த ஒன்றைச் சொல்ல வந்தேன்.

அப்போது அப்பா அம்மா இருவரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் ஒற்றை அறையில் குடியிருந்தேன், இப்போதும் அங்கேதான். தியாகராய நகரில், உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஆண்கள் தையல் கடையில் வேலை. மெஷின் மிதிக்கக் கால் ஆகாது என்பதால் காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும் என் பொறுப்பு. காஜா என்றால் பட்டன் துளையின் ஓரத்தை நூலால் சுற்றிக் கட்டுவது. கடையில் எல்லாரும் என்னைக் காஜா என்றே கூப்பிட்டார்கள். கடைக்குப் பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல், ஒரு குண்டு பல்பு. காலை பத்து முதல் இரவு எட்டு வரை அங்கேதான். வாடிக்கையாளர்கள் யாரும் என்னைப் பார்த்ததில்லை. அதில் எனக்கு வருத்தமும் இருந்ததில்லை. பஸ்ஸில் பார்ப்பதே போதும் என்றிருந்தது. நான் ஏறினால் பன்னிரண்டு பி பஸ்ஸில் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். மீதிப் பேர் முழங்காலிலிருந்து பாதம் வரை பார்ப்பார்கள்.

நான் குடியிருந்த வீட்டு மாமி கெட்டவரில்லை. கார்த்திகைக்குப் பொரி உருண்டை கொடுத்தனுப்புவார். ஒருநாள் காலை நான் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றார்.

"சாயங்காலம் எங்க பொண்ணைப் பார்க்க வரா. நீங்க கொஞ்சம் லேட்டா ஆத்துக்கு வாங்கோ. தப்பா நெனச்சுக்கப்படாது."

"சரிங்க மாமி" என்றேன். அன்று கடை விட்ட பிறகு லஸ் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து ஒன்பதரை மணி வரை பஸ்களின் நம்பர்களைப் படித்துக்கொண்டிருந்தேன். மாமி மேல் கோபம் வரவில்லை. அவ்வளவு பக்குவமாக, முன்கூட்டியே சொன்னாரே என்றுகூடத் தோன்றியது.

இப்படி இருந்த எனக்கு வருஷத்தில் சில நாட்கள் மட்டும் வேறு ஒரு வேலை இருந்தது. அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளின் பரீட்சைக்கு நான் 'கேஸ்'.

கேஸ் என்றால் இதுதான். டாக்டர் பரீட்சையில் எழுதுவது மட்டும் போதாது. நிஜமான நோயாளி ஒருவரைக் கட்டிலில் படுக்கவைத்துவிடுவார்கள். மாணவர் முக்கால் மணி நேரம் அவரைக் கேள்வி கேட்டு, தட்டிப் பார்த்து, அமுக்கிப் பார்த்து, என்ன வியாதி என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். பிறகு பரீட்சை வைக்கும் பெரிய டாக்டர் வந்து மாணவரைக் குடைவார். இதற்கென்று மாறாத வியாதி உள்ளவர்களாகப் பார்த்து வைத்திருப்பார்கள். ஒருமுறை, சூம்பிய காலில் மாட்டும் என் இரும்பு ஷூவின் பெல்ட் அறுந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ஒரு டாக்டர் என் முழங்காலைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவர்களை அழைத்து, "கிளாசிக்கல்" என்றார். எதற்கு என்று வார்டு பாயைக் கேட்டேன். "ரொம்ப நல்லா கீதாம் உன் கால்" என்றார். அதுவரை என் காலை யாரும் நல்லா இருக்கிறது என்று சொன்னதில்லை.

அதிலிருந்து பரீட்சைக் காலம் வந்தால் அந்த வார்டு பாய் கடைக்கே வந்துவிடுவார்.

"நைனா, பரீட்சை வந்துட்ச்சு. செவ்வாக்கெழம காலைல ஏழுக்கெல்லாம் வந்துடு. புள்ளைங்க இன்னா கேட்டாலும் வியாதி பேர மட்டும் சொல்லாத. வாயத் தொறந்தன்னா என் சீட்டு கிழிஞ்சிடும்."

மதியம் ஒரு பொட்டலம் சாம்பார் சாதம், பன், பால் கொடுப்பார்கள். அதற்காக நான் போகவில்லை. கடையில் மாஸ்டர் ஒருநாள் கூலியைப் பிடித்துக்கொள்வார், ஆகவே நஷ்டம்தான். நான் போனது அந்தக் கேள்விகளுக்காக. பெயர் என்ன, வயது என்ன, என்ன வேலை, எங்கே குடியிருக்கிறீர்கள், வீட்டில் யார் யார், மாடி ஏற முடியுமா, இரவில் தூக்கம் வருமா? வருஷம் முழுவதும் என்னை யாரும் கேட்காத எல்லாவற்றையும் அன்று ஒரே காலையில் இரண்டு மூன்று பேர் வரிசையாகக் கேட்பார்கள்.

ஆனால் கேட்கிறவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. "போலியோ கட்டில் எது?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். சொல்லாமல் வேட்டியை ஒதுக்குவார்கள். இரண்டு பேர் சேர்ந்து வந்தால் என் காலுக்கு மேலேயே சினிமாவுக்குப் போன கதையைப் பேசிக்கொள்வார்கள். சிலர் ரகசியமாகக் குனிந்து, "அண்ணா, போன பேட்ச்ல என்னன்னு சொன்னாங்க?" என்று கேட்பார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முடிந்ததும் போய்விடுவார்கள். என் ஷூ எங்காவது பக்கத்துக் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். பெருக்குகிற அம்மா வரும்வரை நான் அப்படியே படுத்திருப்பேன். அந்தப் பிள்ளைகள் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் பயம். பயத்தில் இருக்கிறவனுக்கு எதிரில் இருப்பது கால் மட்டும்தான்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஒரு பையன் வந்தான். நல்ல சிவப்பு, சுத்தமான வெள்ளைக் கோட்டு. வேகமாகக் கேள்வி கேட்டான், வேகமாக எழுதினான். "கல்யாணம்?" என்று கேட்டுவிட்டு என் காலைப் பார்த்தான். நான் வாயைத் திறப்பதற்குள் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். அவன் எழுதியது சரிதான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனாலும் அன்று வீட்டுக்குப் போனபின் சோறு இறங்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து வந்தவள்தான் அந்தப் பெண். ஒல்லியாக, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஜடையோடு, தெற்குப் பக்கத்துப் பேச்சாக இருந்தாள். வந்ததும் முதலில், "அண்ணே, காலைப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். அப்படி என்னை யாரும் கேட்டதில்லை. தலையை ஆட்டினேன். கேள்விகளுக்கு நடுவில், அவள் எழுதியதையே அடித்து அடித்து எழுதுவதைப் பார்த்து, "பயப்படாதீங்க" என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

"இது மூணாவது தடவை அண்ணே" என்றாள். "இந்தத் தடவையும் போச்சுன்னா ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்னு அப்பா சொல்லிட்டாவ. படிப்பு அவ்ளோதான்."

பிறகு அந்தக் கேள்வி வந்தது. "கல்யாணம் ஆயிட்டா அண்ணே?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்தப் பதில் வந்தாலும் எழுதத் தயார் என்பது போல.

"ஆச்சு" என்றேன்.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. ஒரு பெண் குழந்தை என்றேன். ஆறு வயது, ஒண்ணாம் வகுப்பு என்றேன். அடிபம்பில் தண்ணீர் அடித்துச் சின்னக் குடத்தில் கொண்டுவருவாள், அவளுக்குக் கால் இரண்டும் நன்றாக இருக்கிறது என்றேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதினாள். "படிக்கிறாளா நல்லா?" என்று கேட்டாள். அது பரீட்சைக் கேள்வி இல்லை. "கணக்குதான் கொஞ்சம் வராது" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

பரீட்சை வைக்கும் டாக்டர் வந்தார். கூடவே அடுத்த முறைக்குக் காத்திருந்த ஐந்தாறு மாணவர்களும் சுற்றி நின்றார்கள். அவள் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, டாக்டர் தன் கையிலிருந்த, முன்பு ஒரு மாணவர் என்னைப் பற்றி எழுதிய பழைய தாளைப் பார்த்துக்கொண்டே வந்தார். நடுவில் கையை உயர்த்தி நிறுத்தினார். பிறகு தமிழுக்கு வந்தார்.

"கல்யாணம் ஆகாதவன்னு இதுல இருக்கு. நீ பொண்டாட்டி, பொண்ணு, ஒண்ணாங் கிளாஸ்ங்கிற. கேட்டியா, இல்ல நீயா கதை எழுதினியா?"

"கேட்டேன் சார்."

"ரெண்டு தடவை ஃபெயிலானது பத்தலையா உனக்கு? நோயாளிகிட்டப் பேசாமயே ஹிஸ்டரி எழுதற ஆளுங்களை நான் பாஸ் பண்றதில்ல."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்து, 'சொல்லுங்கண்ணே' என்று கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் படுத்திருந்தேன். இடுப்புக்குக் கீழே ஒன்றும் மூடியிருக்கவில்லை, ஒரு துண்டைத் தவிர. அவள் எழுதியது அவள் கதையில்லை, என் பொய் என்று ஒரே வாக்கியம் சொல்ல வேண்டும். எனக்கு யாரும் இல்லை என்று அத்தனை பேர் நடுவில் சொல்ல வேண்டும். நான் கூரையைப் பார்த்தேன்.

டாக்டரே என்னிடம் திரும்பினார். "என்னப்பா, உனக்குக் கல்யாணம் ஆச்சா?"

"ஆச்சு சார்" என்றேன். "பொண்ணு இருக்கா."

"யாருய்யா உனக்குப் பொண்ணு குடுத்தது?"

மாணவர்கள் சிரித்தார்கள். டாக்டரும் கோபமாகக் கேட்கவில்லை, வேடிக்கையாகத்தான் கேட்டார். தாளைத் தட்டிக் காட்டினார். "அப்ப ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஏன் இல்லைன்னு சொன்ன?"

"நான் சொல்லல சார். எழுதினவர் என்னைக் கேக்கல."

அந்த ஒன்று மட்டும் உண்மை. அதனால்தானோ என்னவோ குரல் நடுங்காமல் வந்தது. சிரிப்பு நின்றது. டாக்டர் அந்தத் தாளை இன்னொரு முறை பார்த்தார். பிறகு அதை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு அவளிடம், "மேல சொல்லு" என்றார்.

எல்லாம் முடிந்து மற்றவர்கள் போனபிறகு, அவள் மட்டும் குனிந்து என் ஷூவை எடுத்துக் கட்டிலருகில், கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தாள். "பிள்ளையக் கேட்டேன்னு சொல்லுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் பாஸாகிவிட்டாள் என்று வார்டு பாய் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொன்னது உறுத்தவே இல்லை. இல்லாத பிள்ளைக்கு மனதுக்குள் ஒரு பாவாடைகூடத் தைத்துக்கொண்டேன். கணக்கு வராத பிள்ளை. அதைப் பற்றி நினைத்துக்கொண்டே பட்டன் தைத்தால் நேரம் போவது தெரியவில்லை.

இரண்டு மாதம் கழிந்திருக்கும். திரைக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. மாஸ்டரிடம், இங்கே பட்டன் தைக்கும் அண்ணன் இருக்கிறாரா, கால் கொஞ்சம் முடியாதவர் என்று கேட்டாள். என்ன வேலை, எந்தக் கடை என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

"இருக்காரும்மா. இன்னா விஷயம்?"

"அவங்க பொண்ணுக்கு ஒரு கவுன் வாங்கியாந்தேன். ஆறு வயசுக்குச் சரியா இருக்குமான்னு தெரியல."

மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "யாரு, நம்ம காஜாவுக்கா? பொண்ணா?" அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அந்த ஆளுக்கு எவன்மா பொண்ணு குடுப்பான்? பொண்டாட்டியே கெடையாது, இதுல கொயந்தைக்கு எங்க போறது? நீங்க ஆள் மாறி வந்துட்டீங்கோ."

திரை தரையிலிருந்து ஒரு முழம் தூக்கலாக இருக்கும். அதன் கீழே அவளுடைய செருப்புக் கால்கள் தெரிந்தன. நகரவில்லை. நான் எழுந்து நான்கு அடி வைத்தால் திரை. ஷூவில் இரும்பு இருப்பதால் நான் நடந்தால் சத்தம் கேட்கும், நான் வருவது அவளுக்குத் தெரிந்துவிடும். ஊசியை விரலில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

"ஆமாங்க" என்றாள் அவள் கடைசியில். "நான்தான் ஆள் மாறி வந்துட்டேன் போல. அவங்க வேற யாரோ."

செருப்புக் கால்கள் போய்விட்டன. பொட்டலத்தையும் எடுத்துப் போய்விட்டாள்.

கடையில் அதை ஒரு மாதம் விடவில்லை. "காஜா, உன் பொண்ணு பெரிய மனுசி ஆய்ட்டாளா? சொல்லவே இல்ல." "மச்சி, காஜா பொண்ண ஸ்கூல்லருந்து யாருடா இட்டாறது?" நானும் சிரித்து வைத்தேன். அவர்கள் என்னைப் புண்படுத்தவென்று பேசவில்லை. எனக்கு மகள் இருக்க முடியும் என்று நினைப்பதே அவர்களுக்கு ஒரு ஜோக்காக இருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு இதைவிட வேறு ஒன்றுதான் பொறுக்கவில்லை. அவள் என் மானத்தைக் காப்பாற்ற ஆள் மாறிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள். இனிமேல் வேறு நோயாளி யாராவது மனைவி, பிள்ளை என்று சொன்னால் அவளும் காலைப் பார்த்துவிட்டுத் தானாகவே எழுதிக்கொள்வாளோ? அதற்கு நான் காரணமாகிவிடுவேனோ? அந்த நினைப்பு வந்தபிறகு காஜா கோணலாகப் போனது. மாஸ்டர் இரண்டு சட்டைகளைத் திருப்பி என் மேல் எறிந்தார்.

ஒரு திங்கட்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாஸானவர்கள் ஒரு வருஷம் அங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்று வார்டு பாய் சொல்லியிருந்தார். வெளி நோயாளிகள் பகுதியில் இருக்கிறாள் என்று விசாரித்து, சீட்டு வாங்கி, வரிசையில் நின்றேன். கேஸாகப் போனால் நேரே கட்டில் கிடைக்கும். நோயாளியாகப் போனால் இரண்டரை மணி நேரம் நிற்க வேண்டும் என்பது அன்றுதான் தெரிந்தது.

என் முறை வந்தது. சீட்டை வாங்கும்போதும் அவள் நிமிரவில்லை. "என்ன செய்யுது?" என்றாள்.

"ஒண்ணும் செய்யல டாக்டர்" என்றேன். "எனக்குக் கல்யாணம் ஆகல. பொண்ணும் இல்ல. அன்னிக்கு நான் பொய் சொன்னேன்."

பின்னால் நின்ற கிழவர் எட்டிப் பார்த்தார். அவள் நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை. இரண்டு ராத்திரி தூங்காத முகம்.

"தெரியும் அண்ணே. உட்காருங்க."

உட்கார்ந்தேன்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நீங்க கேட்டுட்டு இருந்தீங்க. இல்லைன்னு சொன்னா முடிஞ்சிடும்னு..."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு, "என்னைய ஒரு வாரம் தூங்க விடல நீங்க" என்றாள். "நீங்க சொன்னது உண்மையா, அந்தக் கடைக்காரர் சொன்னது உண்மையான்னு இல்ல. அவர் சொன்ன உடனே நானும் நம்பிட்டேன் அண்ணே. உங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்காமயே. அதான்."

நான் இதை எதிர்பார்க்கவில்லை.

"யோவ், ஊட்டுக் கதையெல்லாம் அப்பால பேசு" என்றார் பின்னால் நின்ற கிழவர். "நாங்கல்லாம் இன்னா மனுசங்க இல்லியா?"

"இருங்க தாத்தா, இவங்க நோயாளிதான்" என்றாள் அவள். என் சீட்டை இழுத்தாள். "ஏதாவது எழுதித்தான் ஆகணும் அண்ணே. சும்மா திருப்பிக் குடுக்க முடியாது. வீட்ல யாரு சமைக்கிறாவ?"

"நான்தான்."

"நின்னுக்கிட்டா?"

"இல்ல, ஸ்டவ்வைத் தரையில வச்சு."

"அப்ப இடுப்பு வலிக்குமே."

வலிக்கும். ஆனால் அதை வலி என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. வலிக்கும் என்றேன். எப்போதிலிருந்து, எந்தப் பக்கம், குனிந்தால் அதிகமா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் உண்மையாகப் பதில் சொன்னேன். ஒரு முறைகூட அவள் காலைத் தொடவில்லை. மாத்திரை எழுதினாள், ஸ்டவ்வை ஒரு முக்காலி மேல் வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஐந்து நிமிஷம் இருக்கும். கிழவர் என்னைத் தள்ளிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அந்த வருஷம் முடிந்து அவள் எங்கே போனாள் என்று தெரியாது. நானும் பிறகு பரீட்சைக்குப் போகவில்லை. வார்டு பாய் வந்து, "உன்ன மாரி கால் இந்த மெட்ராஸ்லயே கெடையாது நைனா, வராம இருந்தா எப்படி?" என்று இரண்டு முறை கெஞ்சினார். வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். உண்மையில் அங்கே இனி யாராவது கல்யாணம் ஆச்சா என்று கேட்டால், இல்லை என்று சொல்வதற்கு எனக்கு இப்போது கூச்சம் இல்லை. கேட்காமலே எழுதிக்கொண்டால் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கத்தான் முடியாது என்று தோன்றியது.

முக்காலி அப்போதே வாங்கிவிட்டேன். இடுப்பு வலி பாதி குறைந்திருக்கிறது. இதைச் சொல்லவும் ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன். ஆடி மாதம், கல்யாணச் சட்டைகள் வராத மாதம், கடை இன்று இல்லை. காலையில் ஆரம்பித்தது, மாமி வீட்டில் விளக்கு ஏற்றியாகிவிட்டது, இப்போதுதான் முடிகிறது.

1.8.1999, ஞாயிற்றுக்கிழமை.